பின்னால் சுவர், முன்னால் கடல்

கேள்வி: கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயர்கிறது. கடலோரச் சதுப்பு நிலங்கள் மெல்லப் பின்வாங்கிப் பிழைத்துக்கொள்ளாதா? எதற்கு இத்தனை பதற்றம்?

பதில்: பின்வாங்க இடம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அந்த இடத்தைத்தான் நாம் விட்டுவைக்கவில்லை.

அந்தச் ‘சில மில்லிமீட்டரை’ முதலில் பார்ப்போம். 1901 முதல் 1971 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1.3 மி.மீ. உயர்ந்த கடல், 2006-க்கும் 2018-க்கும் இடையில் 3.7 மி.மீ. வீதம் உயர்ந்திருக்கிறது. சதுப்பு நிலமும் சும்மா இருப்பதில்லை. ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது கலங்கல் நீர் உள்ளே வருகிறது. தண்டுகளும் வேர்களும் அதன் வேகத்தைத் தணிக்க, வண்டல் படிகிறது. மடிந்த வேர்கள் முழுதாக மக்காமல் அடியில் சேர்கின்றன. இப்படித்தான் தரை உயர்ந்து கடலுக்கு ஈடுகொடுக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 10,000 ஆண்டுக்காலப் படிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு, கடல்மட்ட உயர்வு ஆண்டுக்கு 6 மி.மீட்டரைத் தாண்டினால் அலையாத்திக் காடுகள் பெரும்பாலும் தோற்றுவிடும் என்கிறது.

வண்டல் வந்தால்தானே தரை உயரும்? அதைக் கொண்டுவரும் ஆறுகளை மேலேயே அணைகட்டித் தேக்கிவிட்டோம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் கரை எழுப்பி, வெள்ளம் சதுப்புக்குள் பரவாமல் தடுத்தார்கள். எண்ணெய்க்காகக் கால்வாய்களும் வெட்டினார்கள், தரையும் அமிழ்ந்தது. அந்த ஆறு கடலில் கலக்கும் லூசியானா மாநிலக் கடற்கரை 1930-களிலிருந்து இழந்த நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். கடல் மட்டும் செய்த வேலையல்ல அது.

உயர முடியாத சதுப்பு உள்நோக்கி நகர வேண்டும். அங்கே சாலையும் கடற்சுவரும் இறால் பண்ணையும் நிற்கின்றன. முன்விளிம்பை நீர் விழுங்க, பின்விளிம்பு சுவரில் முட்ட, நடுவில் இருப்பது ஆண்டுதோறும் மெலிகிறது. மீன்குஞ்சு வளரும் இடமும் புயல் அலையைத் தணிக்கும் அரணும் அதோடு போகின்றன. உப்புநீர் ஏறிய நன்னீர்க் காடுகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன.

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் டோல்ஸ்பரியில் 1995-ல் கடற்சுவரை வேண்டுமென்றே உடைத்து, பின்னாலிருந்த வயலுக்குள் ஓதத்தை விட்டார்கள். வண்டல் படிந்தது; உவர்ச் செடிகள் தாமாகவே வந்து வேர்பிடித்தன. சுவரை உயர்த்தக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, சதுப்பின் பின்னால் மிச்சமிருக்கும் தாழ்நிலத்தை வாங்கிக் கட்டடம் எழாமல் காக்கச் செலவிட வேண்டும். அங்கே வீடுகள் வந்துவிட்டால் இதையும் செய்ய முடியாது.