கையெழுத்து போட மாட்டேன் என்று கையெழுத்து போட்டவர்

கேள்வி: ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். நாற்பது வருடம் தபால்தலை சேர்த்து அலுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களைத் தொடங்கியவர்கள், கொடை வள்ளல்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது? — வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன் சார். 1983-இல் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஆட்டோகிராஃப் கேட்டு எழுதினார். டைப் செய்த பதில் வந்தது. நான் ஆட்டோகிராஃப் போடுவதில்லை என்று ஒரே வரி, அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து! 2021-இல் அந்தத் தாள் ஏலத்தில் ஏறத்தாழ 4,80,000 டாலருக்குப் போனது. கையெழுத்துக்கு மட்டும் அவ்வளவு விலை இல்லை, அந்த ஒரு வரியில் இருக்கும் குறும்புக்கும் சேர்த்துத்தான். அதனால் வாங்கும்போது கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 'வாழ்த்துக்கு நன்றி' என்று ஆயிரம் பேருக்குப் போன கடிதம் எனக்கு வேண்டாம். யாருக்கு, எதற்காக எழுதினார் என்பது தெரிகிற கடிதம் கசங்கியிருந்தாலும் சரி, எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர். சும்மா கொடுக்கவில்லை, இடம் உங்களுடையது, நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்குவதாக ஊர் நிர்வாகம் உறுதி தரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். இந்தக் கடிதப் போக்குவரத்தைப் பெரும்பாலும் கவனித்தது அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம், கையெழுத்தும் பெர்ட்ராமுடையதுதான். 'கார்னகி கடிதம்' என்று விளம்பரத்தைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் இது தெரியவரும். ஆனால் மலிவாகக் கிடைத்தால் பெர்ட்ராம் கடிதத்தை நான் விடமாட்டேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுதுகிற மனிதர், அதுவும் கார்னகி காசு கொடுத்து ஆதரித்த அந்த விசித்திரமான ஸ்பெல்லிங்கில், ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடி சுருக்கி எழுதுவார்களே அதில்.

நம் நாட்டுப் பக்கம் வந்தால், ஜாம்ஷெட்ஜி டாடா 1898 நவம்பர் 23 அன்று விவேகானந்தருக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை தேடிப் படியுங்கள். 1893-இல் ஜப்பானிலிருந்து கிளம்பிய கப்பலில் சேர்ந்து பயணம் செய்தோமே, நினைவிருக்கிறதா என்று ஆரம்பித்து, ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்க நினைப்பதைச் சொல்கிறது. பெங்களூரில் அந்த நிலையம், அதாவது இந்திய அறிவியல் கழகம், வந்தது 1909-இல், அதைப் பார்க்க டாடா உயிரோடு இல்லை. அதெல்லாம் நம் கைக்கு எட்டாது, சரி. எட்டுகிற தூரத்தில் அழகப்பச் செட்டியார் இருக்கிறார், ஜி.டி. நாயுடு இருக்கிறார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்பர் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். இந்த மாதிரிக் காரியங்களுக்காக எத்தனை பேருக்கு எத்தனை கடிதம் போயிருக்கும்! வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வீடு மாறும்போது அவை பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. ஏலக் கம்பெனிகளுக்கு அலைவதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரரைச் சிநேகம் பிடித்து வையுங்கள்.

கேள்வி: கல்யாண நாள் பரிசாக என் கணவர் இணையத்தில் 18,000 ரூபாய் கொடுத்து ஒரு கடிதம் வாங்கித் தந்தார். மறைந்த மில் முதலாளி ஒருவர் 1966-இல் எழுதியதாம். போட்டோ இணைத்திருக்கிறேன். முதலாளியின் பெயரை அச்சிட வேண்டாம். அசல்தானா? — வாசகி, சென்னை

பதில்: இல்லை அம்மா. கையெழுத்து வரைக்கும் போகவே வேண்டியதில்லை, லெட்டர்ஹெட்டிலேயே குட்டு உடைந்துவிட்டது. முகவரியில் '600 002' என்று இருக்கிறதே, பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல்தான். 1966-இல் 'மெட்ராஸ் - 2' என்றுதான் போடுவார்கள். அதற்குப் பக்கத்தில் 'தமிழ்நாடு' வேறு. மாநிலத்துக்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1969 ஜனவரி 14-இல்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள், அதாவது பிரிண்டர் வேலை. பேனாவில் போட்டிருந்தால் ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு ஏறும் இடத்தில் மை அடர்த்தியாக இருக்கும், தாளைத் திருப்பித் தடவினால் அழுத்தம் விரலுக்குத் தெரியும். வீட்டில் புற ஊதா டார்ச் இருந்தால், நோட்டு சரிபார்ப்பார்களே அதுதான், இருட்டறையில் அடித்துப் பாருங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனத்தை 1950 வாக்கில்தான் சேர்க்க ஆரம்பித்தார்கள், எனவே 1930 என்று தேதி போட்ட தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். உங்களுடையது 1966 என்பதால் இந்தச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்றவருக்கு அந்தப் பின்கோடு விஷயத்தை மட்டும் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கணவரைத் திட்டாதீர்கள், பாவம்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கடிதங்களை லேமினேட் செய்யலாமா? — வாசகர், மதுரை

பதில்: ஐயோ, வேண்டாம் தம்பி! சூட்டில் பசை தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. என் அப்பாவுக்கு வந்த கடிதம் ஒன்றை நானே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கினேன், இருபது வருடம் முன்பு. இன்று அது மஞ்சள் பிளாஸ்டிக் பலகை. செலோடேப்பும் கூடாது. துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காமல் மெதுவாகக் கழற்றுங்கள். பாலியெஸ்டர் உறையில் (துணி இல்லை, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் உறை) போட்டுப் படுக்கை வாட்டில் வையுங்கள். கடையில் கிடைக்கும் வழவழ பிவிசி உறை எழுத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் கலர் ஜெராக்ஸை மாட்டுங்கள், வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும்.

கேள்வி: என்னிடம் 1940-களின் கடிதம் ஒன்று உள்ளது. சிங்கப்பூரில் ஒருவர் கேட்கிறார். கூரியரில் அனுப்பலாமா? — வாசகர், கோவை

பதில்: அவசரப்படாதீர்கள். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 வருடத்தைத் தாண்டிவிட்டால் அது தொல்பொருள், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எல்லாப் பழைய கடிதமும் இதில் அடங்கும் என்று சொல்லவில்லை. தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். உள்நாட்டில் விற்கத் தடையில்லை, ஆனால் தொல்பொருள் என்று ஆகிவிட்டால் அதை வியாபாரமாகச் செய்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். அப்புறம் இன்னொன்று, தாள் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது அல்லது அவர் வாரிசுகளுடையது. முழுக் கடிதத்தையும் புத்தகத்தில் அச்சிடுவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.