டிராமா, ரயிலா: பாக்ஸ் ஹில்லில் இருந்து காலின்ஸ் தெருவுக்கு எது விரைவு?

கேள்வி: மெல்போர்னின் பாக்ஸ் ஹில் பகுதிக்குக் குடிவந்திருக்கிறோம். என் அலுவலகம் நகர மையத்தில், காலின்ஸ் தெருவில் உள்ளது. 109 எண் டிராம் வீட்டருகே ஏற்றி அலுவலக வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ரயில் நிலையத்துக்கோ பன்னிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். எதில் போனால் நேரம் மிச்சமாகும்?

பதில்: ரயிலில்தான். ஆனால் கால அட்டவணை காட்டும் அளவுக்கு மிச்சமாகாது.

பாக்ஸ் ஹில்லில் இருந்து நகர மையத்தில் உள்ள ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்கு ரயில் பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும். டிராமுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும். வண்டியின் இழுவிசை இதற்குக் காரணமன்று. மெல்போர்ன் டிராம் தடங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கார்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்பவை. சில நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், இடையிடையே சிக்னல், முன்னால் வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் கார் எனத் தடைகள் தொடர்வதால், சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. தனித்தடம் கிடைத்த இடங்களில் டிராமும் நன்றாகவே ஓடும்: 1987-இல் மூடப்பட்ட செயின்ட் கில்டா ரயில் பாதையில் இன்று ஓடும் 96 எண் டிராமே அதற்குச் சான்று.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். டிராமில் ஒரு கிலோமீட்டர் கடக்க நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரியில் செல்லும் ரயிலில் இரண்டு நிமிடமும் ஆகும். ஆகவே ரயில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடத்தை மீட்டுத் தருகிறது. இரு முனைகளிலும் சேர்த்து உங்களுக்குக் கூடுதலாகும் நடை சுமார் பதினைந்து நிமிடம். அதை ஈடுகட்டவே எட்டு, ஒன்பது கிலோமீட்டர் பயணம் வேண்டும். உங்கள் பயணம் பதினான்கு கிலோமீட்டரைத் தாண்டுவதால், கடைசியில் ரயிலுக்குப் பத்து நிமிடம் போல மிஞ்சும். இதுவே நீங்கள் அதே 109 டிராம் வழியில், நகருக்கு இன்னும் அருகே உள்ள கியூ (Kew) என்ற பகுதியில் குடியிருந்தால், அருகில் ரயில் நிலையமும் இல்லாத அந்த இடத்துக்கு டிராமையே பரிந்துரைத்திருப்பேன்.

பத்து நிமிடத்தைவிடப் பெரிதாக நான் கருதுவது நம்பகத்தன்மையை. காலை நெரிசலில் விக்டோரியா தெருவில் சிக்கும் டிராம் எப்போது வந்து சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ரயில் தாமதமானாலும் சாலை நெரிசலால் தாமதமாவதில்லை. எனவே காலையில் ரயிலும், அவசரமில்லாத மாலையிலோ கொட்டும் மழையிலோ டிராமும் ஏற்றவை. இரண்டுக்கும் ஒரே மைகி பயண அட்டைதான், கட்டணமும் ஒன்றே. ஃபிளிண்டர்ஸ் தெருவில் இறங்கிய பின் காலின்ஸ் தெருவின் கோடிவரை நடக்க மனமில்லையெனில், நகர மையத்துக்குள் டிராம் பயணம் 2015 முதல் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் செல்லும்போது அட்டையைக் கருவியில் தொட்டுக் காட்டவும் வேண்டியதில்லை.