இலவசத் தளத்தில் ஏறிய தனிப்பாடல்: விடலாமா, எடுக்கலாமா?

நண்பரே, உங்கள் முதல் தனிப்பாடலை யாரோ எம்பி3 தளத்தில் ஏற்றிவிட்டார்கள், நட்டமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் பணத்தில் பெரிய நட்டமில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஓடாவிட்டால் காசே கிடையாது. கேட்டவர் யாரென்று தெரியாமல் போவதுதான் நிஜ இழப்பு.

அதனால் இலவசத்தை நீங்களே கொடுங்கள். கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் 'விரும்பிய விலை' வைத்து, குறைந்தபட்சம் 0 போட்டு, மின்னஞ்சல் கட்டாயம் என்று டிக் செய்யுங்கள். அங்கே மாதம் 200 இலவசப் பதிவிறக்கம்தான் தருவார்கள், உங்களுக்கு அது தாராளம்.

மற்றவர்கள் யூடியூபில் ஏற்றிய பிரதிகளை நீக்க வேண்டாம். உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் கன்டென்ட் ஐடி (யூடியூப் வீடியோக்களில் உங்கள் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) கேளுங்கள், விளம்பர வருமானம் உங்களுக்குத் திரும்பும். பாட்டில் ரெடிமேட் லூப் (யாரும் வாங்கிப் பயன்படுத்தும் தயார் இசைத்துணுக்கு) இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள்: அதே லூப்பைப் பயன்படுத்திய அடுத்தவர் வீடியோவிலும் உங்கள் உரிமைக்கோரல் விழும், பிறகு தகராறுதான்.