வீட்டில் வாராவாரம் படம் போடப் போகிறீர்களா? ஓட்டெடுப்பு மட்டும் வைக்காதீர்கள்

கேள்வி: நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வாராவாரம் ஒரு படம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும், எப்படி நடத்த வேண்டும்?

"என்னென்ன வாங்க வேண்டும்" என்று கேள்வி தொடங்கியதுமே உங்கள் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு ப்ரொஜெக்டரைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்குவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நாலு வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் படம் ஓடுகிறது. நடுவில் எட்டு மாதம் நின்று போனது. ஏன் நின்றது என்பதுதான் உங்களுக்கு உருப்படியாகப் பயன்படும், ஆனால் கேட்டுவிட்டீர்கள் என்பதற்காகப் பொருள்களை முதலில் முடித்துவிடுகிறேன்.

ப்ரொஜெக்டர் வாங்குவதானால் முதலில் டேப்பை எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 1.5 என்றால், 2 மீட்டர் அகலத்துக்குப் படம் விழ, கருவி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நான் அளக்காமல் வாங்கினேன். என் அறையில் கிடைத்த தூரம் 2.4 மீட்டர், படத்தின் அகலம் 1.6 மீட்டரோடு நின்றுவிட்டது. அதுவும் சோபாவுக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் சாய்த்து வைத்ததால் படம் கோணலாக விழுந்தது. கோணலைச் சரிசெய்ய ஒரு வசதி உண்டுதான், ஆனால் அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். கூர்மை கொஞ்சம் போய்விடும். ஜன்னல் வெளிச்சம் வேறு. ஆறு மாதத்தில் அதைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு, ஏற்கெனவே இருந்த 55 அங்குல டிவிக்கே திரும்பினேன். ஆறேழு பேருக்கு அது தாராளம். ப்ரொஜெக்டர் பிரியர்கள் கீழே கருத்துப் பகுதியில் வந்து சண்டை போடுவார்கள், தெரியும். உங்கள் அறை பெரிதாக இருக்கலாம், என் அறை சின்னது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

டிவியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. இப்போதைய டிவிகள் பலவும் அதை 'வழவழப்பாக்குகிறேன்' என்று நடுவில் இல்லாத ஃப்ரேம்களைத் தாமாகவே உருவாக்கிச் சொருகிவிடும். பார்த்துப் பார்த்து எடுத்த காட்சி கூட மெகா சீரியல் மாதிரி தெரிவது இதனால்தான். செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று இருந்தால் அதைப் போட்டால் போதும், தானாக நின்றுவிடும். வாங்கும்போதே இதை அணைத்துக் கொடுத்தால் என்னவாம்?

ஒலிக்கு புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். உதடு அசைந்த பிறகு வசனம் வந்து சேரும் ஆபத்து உண்டு. வயரில் இணைக்கும் சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) எளிமையானது போதும், ஆனால் நடு ஸ்பீக்கர் தனியாக இருப்பதாகப் பாருங்கள். சத்தத்தைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை மட்டும் கூட்டிக்கொள்ள முடிந்தால், பேச்சு கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றுவதும், குண்டு வெடித்ததும் பாய்ந்து குறைப்பதும் மிச்சம்.

கனத்த, தாழ்ந்த சத்தத்துக்கென்று (பாஸ்) தனியாக வரும் சப்வூஃபர் பெட்டியை மூலையில் வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் பாஸ் இன்னும் பலமாகும். தரை வழியாகக் கீழ்வீட்டுக்கும் இறங்கும். இது எனக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "சார், எங்க கட்டில் அதிருது" என்றார். நியாயம். மன்னிப்புக் கேட்டு, பெட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி, அடியில் தடிமனான ஃபோம் போட்டு, அளவையும் குறைத்தேன். அதற்கப்புறமும் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் "சிலர் வீட்டைத் தியேட்டர் ஆக்கிவிட்டார்கள்" என்று எழுதினார். அந்தச் சிலர் நான் ஒருவன்தான். இதே மனிதர் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுவரில் துளை போடுவார். அவர் விருந்தாளியின் கார் என் இடத்தில் மூன்று நாள் நின்றது. நான் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. சங்கச் செயலாளர் அவருக்கு வேண்டியவர், அதனால் எழுதியும் பயனில்லை. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

எட்டு மாதம் நின்றதற்கு வருகிறேன். முதல் வருடம் படத்தை நானே தேர்ந்தெடுத்தேன். அது சர்வாதிகாரம் என்று ஒருத்தன் விளையாட்டாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் நண்பர்கள் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தேன். ஒன்பது பேர், ஏழு படங்கள். ஜெயித்த படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் நாலு பேர். தோற்ற படத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் வரவில்லை. வந்தவர்களும் "இதுவா, வேற ஏதாவது பாக்கலாமே" என்று ரிமோட்டை வாங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை டிரெய்லர்களாகவே பார்த்துவிட்டுக் கலைந்தோம். நான் மிகைப்படுத்தவில்லை, பதினாலு டிரெய்லர், எண்ணினேன். அதற்கடுத்த வாரம் யாரும் குழுவில் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

மறுபடி தொடங்கியபோது முறை வைத்தோம். இந்த வாரம் யார் முறையோ அவர்தான் படத்தை முடிவு செய்வார். புதன்கிழமை பெயரும் நீளமும் மட்டும் சொல்வார். யாரும் மறுக்கக் கூடாது; பிடிக்காதவர் வராமல் இருக்கலாம், காரணம் கேட்க மாட்டோம். எட்டரைக்குப் படம் ஓடத் தொடங்கிவிடும், ஒருத்தர் வந்திருந்தாலும் சரி. இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கொறிப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தை அழைத்தவர் படம் முழுக்கச் சமையலறையில்தான் இருப்பார். முதல் வருடம் நான் முழுசாகப் பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதையெல்லாம் படித்துவிட்டு "நண்பர்களுக்குள் என்னய்யா சட்டம்" என்று கேட்பீர்கள். சட்டம் இல்லாமல் எட்டு மாதம் இருந்து பார்த்தோமே.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் அதிகம் பேச மாட்டான். ஓட்டெடுப்புக் காலத்தில் அவன் சொன்ன படம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அவன் முறை வந்தபோது ஒரு பழைய கொலைக் கதையைக் கொண்டுவந்தான். படத்தின் டிஸ்க் காசு கொடுத்து வாங்கியதுதான், தயவுசெய்து திருட்டுப் படம் என்று ஆரம்பிக்காதீர்கள். அதில் எங்களுக்குப் புரியும் மொழியில் சப்டைட்டில் இல்லாததால் தனியாக ஒரு சப்டைட்டில் ஃபைலைத் தேடி எடுத்தேன். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வரத் தொடங்கியது. சில நாடுகளின் டிவிக்காக 24 ஃப்ரேம் படத்தை 25 ஆக வேகப்படுத்தி ஓட்டுவார்கள். நான் எடுத்தது அந்தப் பிரதிக்கானது. வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான். ஆனால் நூறாவது நிமிடத்தில் வர வேண்டிய வரி தொண்ணூற்றாறாவது நிமிடத்திலேயே வந்துவிடும். அப்படித்தான் வந்தது. திரையில் ஒரு பெண் அமைதியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, கீழே கொலைகாரனின் வாக்குமூலம் வரி வரியாக ஓடியது.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவனைத்தான் பார்த்தேன். எழுந்து வந்து, "அணைச்சிடு, நான் சொல்றேன்" என்றான். கடைசி இருபது நிமிடம் எங்களுக்கு அவனே வசனம் சொன்னான். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறானோ. கிழவன் பேசும்போது குரலை மாற்றக்கூடச் செய்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை. நான் அடுத்த நாள் உட்கார்ந்து, சப்டைட்டில் வேகத்தை மாற்றும் வசதி பிளேயரிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

நீங்கள் எதைப் போட்டாலும் முந்தின நாளே நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது. மொபைலிலிருந்து டிவிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சோதியுங்கள். சில ஆப்களில் காப்புரிமைப் பூட்டு காரணமாகச் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக இருக்கும்.

வருகிற வெள்ளி மறுபடி அவன் முறை. மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஓடும் படம் என்று இப்போதே எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். இரண்டே கால் மணி நேர விதியை எழுதியவன் நான். இன்னும் பதில் போடவில்லை.