பெட்டி நிறைய மாம்பழம் இருந்தும் ஏன் ‘இஸ்’?

‘த பொக்ஸ் ஒஃப் மாங்கோஸ் இஸ் ஹெவி.’ இந்த ஆங்கில வசனத்தில மாங்கோஸ் பன்மைதானே, பிறகு ஏன் ‘ஆர்’ வரவில்லை என்று கேட்டிருக்கிறீங்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பாருங்கோ. எது பாரம்? பெட்டி. அதுதான் எழுவாய், ஒருமை. ‘ஒஃப் மாங்கோஸ்’ உள்ளுக்குள்ள என்ன கிடக்கு என்று சொல்லுற ஒட்டு மட்டும். வினைக்குப் பக்கத்தில நிற்கிற சொல்லைப் பார்த்து ஏமாறுறதுதான் நான் கொப்பிகளில அடிக்கடி திருத்துற பிழை.

எங்கட காதும் இதில உதவாது. பேச்சில ‘மாம்பழம் கிடக்கு’, ‘மாம்பழங்கள் கிடக்கு’ என்று இரண்டுக்கும் ஒரே வினைதான், எழுத்திலதான் ‘கிடக்கின்றன’.

அடுத்த குழப்பம் அந்த ‘ஸ்’. பெயரில ஒட்டினால் பன்மை. நிகழ்கால வினையில ஒட்டினால் படர்க்கை ஒருமை. வேலை நேரெதிர். ‘த போய் ரன்ஸ்’, ‘த போய்ஸ் ரன்’: பெரும்பாலும் ஒரு பக்கம்தான் ஸ் நிற்கும். ஆனால் ‘த நியூஸ் இஸ்’ என்றும் ‘த பொலிஸ் ஆர்’ என்றும்தான் வரும். பார்வைக்கு இரண்டுமே தலைகீழ்: நியூஸ் (news) கடைசியில s இருந்தும் ஒருமை, பொலிஸ் (police) பன்மைக்குரிய s இல்லாமலே பன்மை. இதுகளைப் பாடமாக்கத்தான் வேணும், வேற வழியில்லை.