வாங்கும் மின்சாரம் முழுவதற்கும் பசுமைச் சான்றிதழ் வைத்திருக்கிறோம். ஆண்டறிக்கையில் ஸ்கோப் 2 உமிழ்வு பூஜ்யம் என்று போடலாமா?

போடலாம். ஆனால் பூஜ்யத்தை மட்டும் தனியாகப் போடக்கூடாது. நிறுவனங்களின் கார்பன் கணக்கைத் தயாரிப்பதும் சரிபார்ப்பதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. அறிக்கையில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அதிகம் திருத்த வேண்டியிருப்பதும் இங்கேதான்.

நிறுவனம் தன் கொதிகலனிலும் வண்டிகளிலும் நேரடியாக எரிப்பது ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம், நீராவி, வெப்பம், குளிர்ச்சி ஆகியவற்றை உற்பத்தி செய்யும்போது வெளியாவது ஸ்கோப் 2. இந்த இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றாலை, அனல் மின் நிலையம், அணைக்கட்டு எல்லாம் ஒரே மின் தொகுப்பில்தான் கொட்டுகின்றன. உங்கள் இயந்திரத்துக்கு வந்த மின்சாரம் எங்கே பிறந்தது என்று கம்பியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பசுமை மின்சாரம் உற்பத்தியானது என்று சொல்லும் காகிதம்தான் பசுமைச் சான்றிதழ்; அதை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாகவும் விற்கலாம். அதனால்தான் நிறுவனங்களின் கார்பன் கணக்குக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் அமைப்பு 2015 ஜனவரியில் வெளியிட்ட ஸ்கோப் 2 வழிகாட்டி, சான்றிதழ்களும் ஒப்பந்தங்களும் புழங்கும் சந்தைகளில் இரண்டு எண்களைக் கேட்கிறது: நீங்கள் இருக்கும் பகுதியின் மின் தொகுப்புச் சராசரியை வைத்துப் போடும் இருப்பிட அடிப்படை எண், வாங்கிய சான்றிதழ்களையும் ஒப்பந்தங்களையும் வைத்துப் போடும் சந்தை அடிப்படை எண்.

ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் செலவழிக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அந்தத் தொகுப்பில் சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்றால், இருப்பிட அடிப்படையில் கணக்கு 700 டன். சான்றிதழ் எத்தனை வாங்கினாலும் இந்த எண் அசையாது. சந்தை அடிப்படையில் ஒப்பந்தம்தான் பேசும். ஒரு சான்றிதழ் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு. ஆயிரம் சான்றிதழ் வாங்கினால் பூஜ்யம். 600 மட்டும் வாங்கினால் மீதி 4 லட்சம் யூனிட்டுக்கு என்ன செய்வது? பலர் அதே 0.7-ஐப் பெருக்கி 280 டன் என்று எழுதுகிறார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே தம் பங்காக எடுத்துக்கொண்ட பசுமை மின்சாரத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் கலவை சராசரியைவிட அழுக்கானது. அதன் எண் 0.8 என்றால் 320 டன் வர வேண்டும். இந்த எஞ்சிய கலவை எண் எல்லா நாட்டிலும் வெளியாவதில்லை. கிடைக்காத இடத்தில் சராசரியைப் பயன்படுத்தலாம், ஆனால் அப்படிச் செய்ததை அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

நார்வேயைப் பாருங்கள். அங்கே மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரம். ஆனால் அதற்கான சான்றிதழ்களில் பெரும்பகுதி மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு விற்கப்படுகிறது. அணைக்கு அருகிலேயே இருந்தாலும், சான்றிதழ் வாங்காத நார்வே நிறுவனத்தின் சந்தைக் கணக்கு உயர்ந்துவிடும். வாங்கியவர் எங்கோ நிலக்கரித் தொகுப்பில் இருந்தாலும் அவர் கணக்கு இறங்கிவிடும்.

ஒரு முறை ஓர் அலுவலகத்தில் கூரை முழுக்க சூரியத் தகடுகள். மூன்று ஆண்டுகளாக அந்த மின்சாரத்தைப் பசுமையாகக் கணக்கு காட்டி வந்தார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன்: சான்றிதழ் உரிமை தகடு அமைத்துக் கொடுத்தவருக்கு என்று ஒரு சிறிய பிரிவில் இருந்தது. அவர் அதை வேறொருவருக்கு விற்றுக்கொண்டும் இருந்தார். தகடு உங்கள் தலைக்கு மேலேயே இருந்தாலும் சான்றிதழ் கைமாறிவிட்டால் சந்தைக் கணக்கில் அதை உங்கள் பசுமை மின்சாரமாகக் காட்ட முடியாது. மூன்று ஆண்டு எண்களையும் திருத்தி எழுதினோம். தவறு செய்யும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. காகிதத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய அணையின் சான்றிதழை யார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அணை ஓடத்தான் போகிறது. இன்னும் கட்டாத காற்றாலையிடம் 15 ஆண்டுக்கு மின்சாரம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதத்தை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது, காற்றாலை எழுகிறது. இரண்டும் கணக்கில் ஒரே பூஜ்யமாகத்தான் பதிவாகின்றன. 2022-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு, அறிவியல் அடிப்படையில் உமிழ்வுக் குறைப்பு இலக்கு வைத்த 115 நிறுவனங்களின் 2015 முதல் 2019 வரையான எண்களை எடுத்துப் பார்த்தது. அவர்கள் காட்டிய ஸ்கோப் 2 குறைவு 31 சதவீதம். இருப்பிட அடிப்படையில் பார்த்தால் 10 சதவீதம்தான்.

அதற்காகச் சந்தைக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த 15 ஆண்டு ஒப்பந்தக்காரரின் முயற்சி எந்த எண்ணிலும் தெரியாது. கணக்கை இறுக்கமாக்குவதுதான் வழி. ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சரிக்கட்டும்போது, நடுப்பகல் சூரிய மின்சாரம் நள்ளிரவுச் செலவை ஈடுகட்டியதாகக் கணக்காகிவிடுகிறது. கூகுள் 2017-லேயே ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தை எட்டியது. ஆனாலும் 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கார்பன் இல்லாத மின்சாரம் என்ற இலக்கை 2020-இல் அறிவித்தது. 2025 அக்டோபரில் ஜிஹெச்ஜி புரோட்டோகால் பொதுக் கருத்துக்கு வைத்த வரைவும், மணிக்கு மணி பொருத்தத்தையும் மின்சாரம் உண்மையில் வந்து சேரக்கூடிய பகுதிக்குள் வாங்குவதையும் முன்வைக்கிறது.

கேட்டவருக்கு இரண்டு எச்சரிக்கை. ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் அடிப்படை ஆண்டை இருப்பிட முறையிலும் இந்த ஆண்டைச் சந்தை முறையிலும் போட்டுக் குறைவு காட்டாதீர்கள். ஒரே முறையில் ஒப்பிடுங்கள். பூஜ்யம் என்றாலும் கம்பி இழப்பும் எரிபொருள் தோண்டி எடுப்பதன் உமிழ்வும் அதில் அடங்காது. அவை ஸ்கோப் 3-இன், அதாவது நிறுவனத்துக்கு வெளியே நடக்கும் மற்ற மறைமுக உமிழ்வுகளின், மூன்றாம் வகைக்குப் போகும்.

சான்றிதழ் வாங்கிய ரசீது மட்டும் போதாது. உங்கள் நிறுவனத்தின் பெயரில், செலவழித்த ஆண்டை ஒட்டிய உற்பத்திக்கு, அதே சந்தைக்குள், மறுபடி யாரும் விற்கவோ பயன்படுத்தவோ முடியாதபடி சான்றிதழ் பதிவேட்டில் ரத்து செய்யப்பட்டதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். கையில் வந்ததும் அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: “மின் செலவு 10 லட்சம் யூனிட். இருப்பிட அடிப்படையில் 700 டன். சந்தை அடிப்படையில் பூஜ்யம்; இதற்காக எங்கள் பெயரில் ரத்து செய்யப்பட்டவை 1,000 சான்றிதழ்கள்.” அந்த மின்சாரம் எந்த வகை நிலையத்தில், எந்த ஆண்டு உற்பத்தியானது என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.