எண்ணெய் உள்ள நாட்டில் ஏன் இருட்டு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நைஜீரியாவில் அவ்வளவு எண்ணெய் இருந்தும் மின்சாரத்துக்கு ஏன் இத்தனை தட்டுப்பாடு?

பதில்: 1956-இல் நைஜீரியாவின் தெற்கே ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தபோது அது ஏழை நாடுதான், ஆனால் அங்கே பல தொழில்கள் இருந்தன. வடக்கே கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேற்கே கோகோ, கிழக்கே பாமாயில். 1970-களில் எண்ணெய் விலை எகிறியதும் அரசுக்கு மற்ற எதுவும் கண்ணில் படவில்லை. கடலைக் கோபுரங்கள் காணாமல் போயின.

எண்ணெயோடு சேர்ந்து வந்த எரிவாயுவை மின்சாரமாக்காமல், எண்ணெய் எடுக்கும் பகுதியான நைஜர் டெல்டாவில் பல்லாண்டுகளாக அப்படியே கொளுத்திவிட்டார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறாது. இன்று 20 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு மின்கட்டமைப்பு தருவது ஏறக்குறைய 5,000 மெகாவாட். 55 லட்சம் பேர் வாழும் நார்வேயின் மின் நிலையங்களுக்கோ 39,000 மெகாவாட்டுக்கும் மேல் திறன் உண்டு. தையல் கடையும் வெல்டிங் பட்டறையும் ஜெனரேட்டரை நம்பி ஓடினால், வருகிற லாபம் எரிபொருளுக்கே போய்விடும். வடக்கே கடுனா நகரின் துணி ஆலைகள் மூடியதற்கு இதுவும் ஒரு காரணம். கச்சா எண்ணெயை விற்றுவிட்டுப் பெட்ரோலை வெளியில் வாங்கிய நாடு அது. 2024-இல் அங்குள்ள டாங்கோட்டே என்ற தனியார் சுத்திகரிப்பு ஆலை பெட்ரோல் தரத் தொடங்கிய பிறகே நிலைமை மாற ஆரம்பித்தது.

கேள்வி: 'டச்சு நோய்' என்கிறார்களே, அது என்ன?

பதில்: 1959-இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. எரிவாயு விற்ற பணம் குவிந்ததால் நாணய மதிப்பு ஏறியது. அதனால் மற்ற ஏற்றுமதிச் சரக்குகள் வெளிநாட்டில் விலை கூடி, அந்தத் தொழில்கள் நலிந்தன. அவ்வளவுதான்.

கேள்வி: தலைக்கு அதிக மின்சாரம் செலவழிக்கும் நாடுதான் வளர்ந்த நாடா?

பதில்: இல்லை. ஐஸ்லாந்தில் ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 50,000 யூனிட். ஆனால் அதில் பாதிக்கும் மேல் மூன்று அலுமினிய ஆலைகளுக்கே போகிறது. 2008-இல் அங்கே பெரிய வங்கிகள் மூன்றும் கவிழ்ந்தன. மீன், அலுமினியம், அப்புறம் சுற்றுலா என்று வேறு வருமானங்கள் இருந்ததால் நாடு எழுந்தது. எத்தனை யூனிட் என்பதைவிட, அது எத்தனை விதமான வேலைகளை உருவாக்குகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கேள்வி: எண்ணெய் இருந்தும் டச்சு நோயிலிருந்து நார்வே மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: எண்ணெய்க்கு முன்பே அவர்கள் நீர்வீழ்ச்சிகளில் பாடம் கற்றுவிட்டார்கள். 1900-களின் தொடக்கத்திலேயே, தனியார் வாங்கும் நீர்வீழ்ச்சி குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அரசுக்குத் திரும்ப வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நீர்வீழ்ச்சிகளில் எடுத்த மின்சாரத்தில் உரத் தொழிற்சாலை நடந்தது. எண்ணெய் வந்ததும் கப்பல் கட்டும் தளங்களே கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டப் பழகின. 1990-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய எண்ணெய் நிதியை வெளிநாட்டில் மட்டுமே முதலீடு செய்கிறார்கள். அதனால் எண்ணெய்ப் பணம் உள்ளூர் நாணயத்தின் மதிப்பை ஏற்றிவிடுவதில்லை. சரி, அவர்களும் முழுக்கத் தப்பிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இன்றும் அவர்களுடைய சரக்கு ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் எண்ணெயும் எரிவாயுவும்தான்.